வெள்ளைப் பக்கம் வெளியே

காளவாசலில் ஒரு பிளக்ஸ் கடையில் எட்டு வருஷமாக டிசைனராக இருக்கிறேன். பெயர் முத்துச்செல்வி. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில்தான். இதில் கண்ணீர் அஞ்சலிக்குத்தான் அவசரம் அதிகம். காலையில் உயிர் போனால், மத்தியானம் உடலை எடுப்பதற்குள் தெருமுனையில் ஆளுயரப் படம் நின்றாக வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவை அனுப்பிவிட்டு, கீழே யார் யார் பெயரைப் போட வேண்டும் என்று ஒரு பட்டியலும் அனுப்புவார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் போதும், பிணத்தை விட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பெரிய மருமகனுக்கு மேலே சின்ன மருமகனைப் போட்டுவிட்டேன் என்று என் கீபோர்டைத் தூக்கி எறிந்த மனிதரும் உண்டு.

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது இருக்கும் கோபம் என் அக்காள் நாகஜோதி வீட்டில் பிடித்தது. இன்னும் இறங்கவில்லை. சொல்லும்போது நடுநடுவே என்னையும் திட்டிக்கொள்வேன், கண்டுகொள்ள வேண்டாம்.

நாகஜோதி என்னைவிட ஐந்து வயது மூத்தவள். செக்கானூரணிப் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கடலை. பன்னிரண்டாவது முடித்த கையோடு அக்காள் தையல் படித்தாள். பஸ்ஸில் ஒருத்தன் இடித்தான் என்று பிளவுஸில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அவன் தொடையில் ஏற்றியவள் அவள். அவளை அவனியாபுரத்தில் அழகுபாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் குட்டியானை ஓட்டினார், சின்ன லோடு வண்டி. இரண்டு பேரும் சண்டை போட்டால் தெருவுக்கே கேட்கும். சமாதானமாகிச் சிரித்தாலும் தெருவுக்கே கேட்கும். வீட்டு வாசலில் தையல் மெஷின், அதற்கு எதிரே சுவரோரம் அத்தானின் பழைய எக்ஸ்எல் மொபெட். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் மகளை முன்னால் நிற்க வைத்து அதில் ஒரு ரவுண்டு போவார். முக்குக் கடையில் ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு வருவார்கள். மகள் பெயர் பவதாரிணி. மூன்றாவது படிக்கிறாள். வாயாடி, அம்மாவைக் கொண்டு பிறந்தது.

போன ஆடியில் ஒரு புதன்கிழமை, ரிங் ரோட்டில் பிரேக் விளக்கு எரியாமல் சட்டென்று நின்ற ஒரு லாரியின் பின்னால் அத்தான் வண்டி போய்ச் சொருகிவிட்டது. ஆஸ்பத்திரி வரை கூட உயிர் தாங்கவில்லை.

அப்போது பவதாரிணி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அத்தானின் அண்ணன் சோணை மாமாதான் எல்லாவற்றையும் எடுத்துச் செய்தார். அந்த வீட்டில் மூத்தவர் அவர், அவர் வைத்ததுதான் சட்டம். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"புள்ளைக்கு இப்பச் சொல்ல வேணாம். பச்சை மனசு, தாங்காது. அப்பன் கேரளாவுக்கு லோடு அடிக்கப் போயிருக்கான்னு சொல்லிக்கிருவோம். கொஞ்சம் பெருசானதும் அதுவா தெரிஞ்சுக்கிரட்டும்" என்றார்.

கூடியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் முத்துச்செல்வி என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூட வாசலிலிருந்தே பிள்ளையைப் பசுமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள்.

அத்தானுக்குப் பிளக்ஸ் அடித்ததும் நான்தான். தங்கச்சி கடையில் இருக்கும்போது வேறு இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்? எட்டுக்கு ஆறு அடி அளவு. வலது பக்கம் அத்தான் படம், போன பொங்கலுக்கு எடுத்தது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'ஆறாத் துயரில்' என்று போட்டு, மனைவி நாகஜோதி, மகள் பவதாரிணி, அண்ணன் சோணை என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். எட்டு வருஷப் பழக்கம், கை தானாக ஓடியது. எந்தப் பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று தலையாட்டிவிட்டு வந்தேனோ, அந்தப் பிள்ளையின் பெயரையே துயரத்தில் சேர்த்து அச்சடித்தேன். அது எனக்கு உறைக்கவே இல்லை.

பிள்ளை திரும்பி வருவதற்கு முதல் நாள் சோணை மாமா ஒரு வாளித் தண்ணீரும் இரும்புத் தகடும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஸ்கூல் வேன் வரும் வழியெல்லாம் ஒட்டியிருந்த போஸ்டர்களை ஒற்றை ஆளாகச் சுரண்டினார். தெருமுனைப் பிளக்ஸையும் இறக்கினார். மதுரையில் பிளக்ஸை யார் தூக்கிப் போடுவார்கள்? கோழிக்கூண்டுக்கு, குளியலறைக்கு, விறகுக்கு என்று எதற்காவது ஆகும். ஆவணி மழை வரப்போகிறது, தம்பியின் வண்டி நனையக் கூடாது என்று அந்தப் பிளக்ஸைச் சுவரில் ஆணியடித்துச் சாய்வாகக் கட்டி, எக்ஸ்எல்லுக்குக் கூரை ஆக்கினார். கீழ் ஓரத்தில் செங்கல் வைத்தார்.

"படம் தெரியக் கூடாது. வெள்ளைப் பக்கம் வெளியே இருக்கட்டும் மாமா" என்று யோசனை சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். தொழில் தெரிந்தவள் இல்லையா.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு நாடகம் ஓடியது. நாகஜோதிக்குப் பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றிய அதே சொந்தங்கள், பிள்ளைக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று, சாயங்காலம் நாலு மணிக்கு வேன் வரும்போது பொட்டு வைத்து, மஞ்சள் கயிறு போட்டு நிற்கச் சொன்னார்கள். ஆறு மணிக்குக் கடைக்குப் போக வேண்டுமென்றால் அழித்துவிட்டுத்தான் போக வேண்டும், தெரு பேசும். அவளும் நாலுக்கு வைத்தாள், ஆறுக்கு அழித்தாள், கடையிலிருந்து வந்து மறுபடி வைத்தாள். ஊக்கால் குத்தியவள் இதையெல்லாம் செய்தாள். அவள் நெற்றியில் தோல் உரிந்து சிவந்துபோய்க் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். சோணை மாமா புதிதாக ஒரு சிம் வாங்கி, கண்மாய்க் கரைப் பக்கம் போய் நின்றுகொண்டு தம்பி மாதிரிப் பேசுவார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை. "என்ன பாப்பா, நல்லாப் படிக்கிறியா?" என்பார். "நல்லாப் படிக்கிறேன்ப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்று பவதாரிணி கேட்பாள். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

நாகஜோதியிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனம்தான் பேசினார்கள். தைரியமாக இரு. பிள்ளை முன்னால் அழாதே. நீ உடைந்தால் அது உடைந்துவிடும். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். அவளுக்கு அடிக்கடி மூச்சு முட்டியது. டாக்டர் பிரஷர் சரியாக இருக்கிறது என்றார். கல்யாணப் பிளவுஸ் கொடுப்பவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், தாலி இழந்தவள் கை படக் கூடாதாம். ஆனாலும் மெஷின் மட்டும் தினமும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். ஊசியில் நூல் இல்லை, அடியில் துணியும் இல்லை. குனிந்தபடி மெஷினை மிதித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு.

"எதுக்குக்கா இப்படிக் கெடந்து சாகுற? சொல்லித் தொலைச்சிரு" என்றேன்.

"எப்படிடி சொல்ல? இம்புட்டு நாள் பொய் சொல்லிட்டு இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?" என்றாள்.

புரட்டாசிக் கடைசியில் பவதாரிணியின் வகுப்பு டீச்சர் மைத்ரேயி கூப்பிட்டு அனுப்பினார். அக்காள் போகும் நிலையில் இல்லை, நான் போனேன். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். புருவ முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாளாம். அது எங்களுக்கும் தெரியும், இடது புருவம் பாதி இல்லை. மத்தியானம் சாப்பிடுவதே இல்லை, டப்பாவைத் திறக்காமல் பைக்குள் வைத்துவிடுகிறாள் என்றார் டீச்சர். எனக்குப் புரியவில்லை. டப்பா வீட்டுக்கு வந்து கழுவப் போகும்போது காலியாக அல்லவா இருக்கிறது?

"அப்பா எங்கன்னு கேட்டா, கேரளாவுல இருக்காருன்னு ஒப்பிக்கிறா. எங்க ஸ்கூல் சுவத்துலயே போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. எங்களுக்கு என்ன பேசுறதுன்னே தெரியல. பெரியாஸ்பத்திரியில பிள்ளைங்களோட மனசைப் பாக்குற டாக்டர் இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி வீட்டுல யாராவது உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது சோணை மாமா வேறு முடிவோடு உட்கார்ந்திருந்தார். தினமும் ஐந்தரைக்குப் பிள்ளை அந்த மொபெட் கூரைக்குள் நுழைந்து அரை மணி நேரம் காணாமல் போகிறாளாம். அந்த நேரம்தான் அழகுபாண்டி அவளை வண்டியில் ஏற்றும் நேரமாம். அகாலத்தில் போன உயிர், ஆசையில் வண்டியிலேயே நிற்கிறது, பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று ஒரு கோடாங்கி உடுக்கையடித்துக் குறி சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். வேப்பிலை அடித்து இறக்கிவிடுவார். வண்டியை அன்றைக்கே விற்றுவிட வேண்டும்.

"எட்டு வயசுப் புள்ளைய உடுக்கு முன்னாடி உக்கார வச்சு, அவ அப்பனப் பேயின்னு சொல்லி அடிப்பீகளா? அப்பன் கேரளாவுல இருக்கான்னும் சொல்லுவீக, அவன் பேயாப் பிடிச்சிருக்கான்னும் சொல்லுவீக. எதையாவது ஒன்னச் சொல்லுங்க மாமா" என்று கத்தினேன்.

"உனக்கு என்ன தெரியும்? நீ புள்ள பெத்தவளா?" என்றார்.

நாகஜோதியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். எதற்கும் தலையாட்டும் நிலைக்கு வந்திருந்தாள் என் அக்காள். அந்த வெள்ளிக்கிழமையை நினைத்து எனக்கு மூன்று நாள் தூக்கம் போனது. உடுக்குச் சத்தத்திலும் வேப்பிலை அடியிலும் அந்தப் பிள்ளை பயந்து அடியோடு முடங்கிவிட்டால், அப்புறம் எந்த டாக்டரால் அவளை மீட்க முடியும்?

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நாலரைக்கெல்லாம் போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன். சோணை மாமா ஐந்தரைக்கு ஆட்டோவோடு வந்தார். பிள்ளையைக் காணோம். எல்லாருக்கும் எங்கே என்று தெரியும். மாமா போய்க் கூரைக் கயிற்றில் கை வைத்தார்.

"கையை எடுங்க. நான் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, செங்கல்லை நகர்த்திக் குனிந்து உள்ளே போனேன்.

மேற்கு வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. பிளக்ஸின் பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் படம் விளக்குப் போட்டதுபோல எரியும். அதை வைத்துத்தான் நாங்கள் கடைகளுக்கு லைட் போர்டு செய்கிறோம். வெளியே வெறும் வெள்ளை. உள்ளே தலைக்கு மேல் அத்தான் முகம், பெரிதாக, பொங்கல் சட்டையோடு. கண்ணீர் அஞ்சலி. தோற்றம், மறைவு. ஒரு எழுத்து மங்கவில்லை. நான் அடித்தது.

பவதாரிணி மொபெட்டின் முன்பலகையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மத்தியானச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

"சித்தி, சத்தம் போடாதீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்" என்றாள்.

"என்னது தெரிஞ்சிரும்?"

மேலே கை காட்டினாள். "அப்பா செத்துப்போனது."

அவள் மெதுவாக, எனக்குப் புரிய வைப்பதுபோலச் சொன்னாள். "அம்மாவுக்கு யாருமே சொல்லல சித்தி. அது இன்னும் பொட்டு வச்சுக்கிட்டு இருக்கு. கேரளாவுல இருக்காருன்னு நம்பிக்கிட்டு இருக்கு. பெரியப்பா அப்பா மாதிரிப் பேசி அம்மாவ ஏமாத்துறாரு. நான் மொத வாரமே கண்டுபிடிச்சிட்டேன். அப்பா என்னையப் பாப்பான்னே கூப்பிட மாட்டாரு. ஓனரம்மான்னுதான் கூப்பிடுவாரு."

"அப்புறம் ஏன்டி போன்ல பேசுற?"

"நான் பேசலைன்னா அம்மாவுக்குச் சந்தேகம் வந்துரும்ல."

நான் கீழ் வரியைக் காட்டினேன். "இதுல உங்க அம்மா பேரு போட்டிருக்கேடி. அவளுக்குத் தெரியாமயா?"

"என் பேரும்தான் போட்டிருக்கு. எனக்கு யாரு சொன்னா?"

காட்டிய விரலை மடக்கிக்கொண்டேன், அந்தப் பெயரை அடித்த விரல் அது.

வெளியே செங்கல் உருண்டது. நாகஜோதி கூரை ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நாலு மணிக்கு வைத்த பொட்டைப் புறங்கையால் இழுத்துத் துடைத்தாள். கன்னம் வரை சிவப்பாக இழுவிக்கொண்டது. உள்ளே வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்டி. மொத நாளே தெரியும்" என்றாள்.

பவதாரிணி அம்மாவையே பார்த்தாள். சோற்று டப்பா கையிலிருந்து விழுந்தது.

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா என்கிட்டச் சொல்லல?"

அடுத்த நிமிஷம் பாய்ந்து அம்மாவை அடித்தாள். இரண்டு கையாலும், தோளில், மாரில், முகத்தில். எட்டு வயதுக் கையில் அம்புட்டு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. "நான் மட்டும் தனியா வச்சிருந்தேன், நான் மட்டும் தனியா வச்சிருந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். நான் பிடிக்கப் போனேன். நாகஜோதி என் கையைத் தட்டிவிட்டாள்.

"விடு. அடிக்கட்டும். எனக்கு வேணும்" என்றாள். அடி ஓய்ந்ததும் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, மூன்று மாதமாக மெஷினுக்குள் ஒளித்த அழுகையைத் தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். பிள்ளையும் சேர்ந்து அழுதது. பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், இதைத்தானே அத்தனை பேரும் மூடி வைக்கச் சொன்னார்கள்.

ஒரு வழியாக வெளியே வந்தபோது சோணை மாமா ஆட்டோவைத் திருப்பி அனுப்பியிருந்தார். சுவரோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்த சிம்மக் கழட்டிப் போடுங்க. கோடாங்கியும் வேணாம், வண்டிய விக்கவும் வேணாம். இனிமே எம்புள்ளைக்கு எது சொல்லணும், எது சொல்லக் கூடாதுன்னு நான் பாத்துக்கிருவேன்" என்றாள் நாகஜோதி. ஊக்கால் குத்திய நாகஜோதியின் குரல் அது.

அவர் போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "புள்ளைக்காகன்னுதான் ஆரம்பிச்சேன்த்தா. ஆனா அவ போன்ல அப்பான்னு கூப்பிடுவா பாரு, அந்த ரெண்டு நிமிசம் தம்பி உசிரோட இருந்தான். அத விட எனக்கு மனசு வரல" என்றார்.

அவருக்காக மூன்று நாளாகத் தயார் செய்து வைத்திருந்த வசவு அத்தனையும் எனக்கு மறந்துபோனது. அழத் தெரியாத மனுஷன் அழாமல் இருப்பதற்கு ஒரு வீட்டையே ஊமையாக்கியிருக்கிறார். பரிதாபமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் அம்மாவும் மகளும் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நாகஜோதிக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பிள்ளை இன்னும் சில நாள் புருவத்தில் கை வைக்கிறாள். சில நாள் காரணமே இல்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுகிறாள், அவளும் திருப்பிக் கத்துகிறாள். பழையபடி தெருவுக்குக் கேட்கிறது. போன வாரம் நாகஜோதி பச்சை நிறத்தில் பொட்டு வைத்திருந்தாள், ஆறு மணிக்கு அதோடேயே கடைக்குப் போய்விட்டு வந்தாள். சோணை மாமா இரண்டு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒரு நாள் ஐந்தரைக்கு வந்து, "பெரியப்பா வண்டி எடுக்கவா?" என்று பிள்ளையிடம் கேட்டார். அன்றைக்கு அவள் வரமாட்டேன் என்றாள். மறு வாரம் போனாள்.

நேற்றுக் கடைக்கு ஒருவர் வந்தார். தங்கச்சி மாப்பிள்ளை தவறிவிட்டாராம். போட்டோவும் பட்டியலும் கொடுத்தார். மனைவி பெயருக்குக் கீழே ஒரு மகன் பெயர் இருந்தது.

"பையனுக்கு என்ன வயசுண்ணே?"

"ஏழு."

"அவன்கிட்டச் சொல்லியாச்சா?"

"சின்னப்பய, அவனுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? எங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கோம். நீ சீக்கிரம் அடி, பாடி எடுக்கணும்."

"அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருமா?"

"ரெண்டாப்பு படிக்கிறான். நல்லாவே படிப்பான்."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஓனர் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார். நான் திரும்பவில்லை.

"அப்ப அவனைக் கூட்டிட்டு வந்து அவங்கப்பா முகத்தைக் காட்டுங்க. என்ன நடந்துச்சுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சொல்லிட்டு எனக்குப் போன் போடுங்க, அவன் பேரை அப்புறம் அடிக்கிறேன்" என்றேன்.